நுல் தீவுக்கு ஆட்சேபம் இல்லை

அனுப்புநர்:
மேங் உன்சொல்,
செயலாளர், குடியிருப்போர் குழு,
நுல் தீவு, சோல்ஹே மாவட்டம்,
தென் ஜொல்லா மாகாணம்.

பெறுநர்:
மாண்புமிகு மாவட்டத் தலைவர் அவர்கள்,
சோல்ஹே மாவட்ட நிர்வாக அலுவலகம்,
மோரே நகர்.

நகல்: கடல் போக்குவரத்துக் குழு, மாவட்ட மன்றம்.

பொருள்: எங்கள் ஆட்சேபங்கள் தங்கள் அலுவலகக் கணினிகளின் கண்ணில் படாமல் போனதால் நிறுத்தப்பட்ட பிற்பகல் படகை மீண்டும் விடக் கோருதல் – 'வெளிப்படை ஏடு' எல்லா இயங்குதளங்களிலும் வேலை செய்கிறது என்ற அறிவிப்பைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இல்லாத ஊரிலிருந்து ஒரு மனு வந்திருப்பது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எங்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆயினும் கீழே உள்ளவற்றைப் பொறுமையுடன் படித்தருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. நுல் தீவு மோரே துறைமுகத்திலிருந்து படகில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ளது. பெரும்பாலோர் கிம் என்ற உண்ணும் கடற்பாசியை வளர்க்கிறார்கள். நான் வீட்டில் இருந்தபடி புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறேன். விடியற்காலையில் மோரேவிலிருந்து கிளம்பி வரும் படகு காலையில் எங்களை அங்கே அழைத்துப் போகும். பிற்பகலில் ஒரு படகு திரும்பக் கொண்டுவந்து விடும். எங்கள் போக்குவரத்து வசதியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இருந்ததே அவ்வளவுதான்.

2. கடந்த ஜூலையில் தங்கள் அலுவலகம் 'பயணிகள் படகு வழித்தடச் சீரமைப்பு வரைவு' ஒன்றை வெளியிட்டது. சீரமைப்பு என்ற சொல்லுக்கு ஒன்பதாம் பக்கத்தில் பொருள் கிடைத்தது: பிற்பகல் படகு நிறுத்தப்படும். அதாவது, காலையில் மோரேவுக்குப் போகிறவர் மறுநாள் விடியற்காலைப் படகில்தான் வீடு திரும்பலாம். எங்கள் கிராமத் தலைவர் ஓக் பியோங்தே அவர்களின் மனைவி ஓம் ஜொங்ரே அவர்கள் வாரம் மூன்று நாள் மோரே மருத்துவமனைக்கு டயாலிசிஸ் செய்துகொள்ளப் போகிறவர். இந்த வரைவை நாங்கள் உரக்கப் படித்தபோது முதலில் எல்லோரும் பார்த்தது அவர் முகத்தைத்தான். அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை.

3. ஆட்சேபம் இருப்பவர்கள் 'வெளிப்படை ஏடு' என்ற மென்பொருள் வழியாக மட்டுமே தெரிவிக்கலாம் என்றது அறிவிப்பு. ஓர் ஆவணத்தில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று படிப்படியாகச் சேர்த்து வைக்கும் பதிப்பு மேலாண்மைக் கருவி ஒன்று உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் மேல் தங்கள் அலுவலகம் தனக்கென ஒரு சட்டை தைத்துப் போட்டு இந்தப் பெயரை வைத்திருக்கிறது. ஒவ்வொரு தீவுக்கும் ஒரு கோப்புறை. அதில் அந்தத் தீவினர் எழுதியதை யாரும் அழிக்க முடியாது, எதுவும் தொலையாது, எல்லா இயங்குதளங்களிலும் இயங்கும் என்று துண்டறிக்கை சொன்னது. முதல் இரண்டும் முழுக்க உண்மை என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறேன்.

4. என்னிடம் இருப்பது மேக் கணினி. ஆட்சேபத்தை எழுதி, அறிவிப்பில் சொன்னபடியே கோப்புக்குப் பெயர் வைத்து அனுப்பினேன். மறுநாள் 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பி வந்தது. கொரிய எழுத்தில் மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமாக நிற்பது தாங்கள் ஒன்றாம் வகுப்பில் கற்றதுதான். மேக் கணினி கோப்புப் பெயர்களில் அந்தக் கட்டத்தைப் பிரித்து, மெய்யைத் தனியாகவும் உயிரைத் தனியாகவும் வைத்துவிடுவது உண்டு. தன் திரையில் மட்டும் சேர்த்துக் காட்டும். விண்டோஸ் கணினியோ பிரிந்து வந்ததைப் பிரிந்தபடியே காட்டும். ஆகவே, என் வீட்டில் முழுதாக இருந்த 'ஆட்சேபம்' தங்கள் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது பல் உதிர்ந்த வாயைப் போல் ஆகியிருந்தது. இதைச் சரிசெய்ய மூலக் கருவியிலேயே ஒரு வரி அமைப்பு உண்டு. தங்கள் சட்டையைத் தைத்தவர்கள் அதை அணைத்து வைத்திருந்தார்கள்.

5. டிஜிட்டல் நிர்வாகப் பிரிவின் குழுத் தலைவர் திரு. குக் ஜேஹுன் அவர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் மிகவும் மரியாதையானவர். அவர் கூறியதை வார்த்தை மாறாமல் தருகிறேன்:

"மேடம், உங்க ஃபைல் பேரு எழுத்தெழுத்தா உதிர்ந்து கிடக்குது. பேரு பொருந்தலைன்னா சிஸ்டம் எடுத்துக்காது."

என் திரையில் சரியாக இருக்கிறதே என்றேன்.

"உங்க திரைய நாங்க எப்படி மேடம் பார்க்க முடியும்? எங்க திரையில வர்ற நிராகரிப்புப் பட்டியல்ல உதிர்ந்துதான் இருக்கு."

எல்லா இயங்குதளங்களிலும் வேலை செய்யும் என்று அச்சடித்திருக்கிறீர்களே என்று கேட்டேன். அவர் சொன்னார்:

"எல்லாத்துலயும் இன்ஸ்டால் ஆகும்னு அர்த்தம் மேடம். இன்ஸ்டால் ஆச்சுல்ல?"

ஆயிற்று என்று ஒப்புக்கொண்டேன். வாழ்த்துத் தெரிவித்து இணைப்பைத் துண்டித்தார்.

6. அடுத்து, தலைவர் ஓக் வீட்டுக்குப் போனேன். பாசி ஏலத்துக்காக அவர் வைத்திருக்கும் விண்டோஸ் மடிக்கணினியில் முயன்றோம். தங்கள் மென்பொருள் முதலில் விசைப்பலகைக்கு ஒரு காவல் நிரலைக் கேட்டது. பிறகு சான்றிதழுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, அந்தக் காவல் நிரல்களுக்குக் காவலாக இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கணினி அணைந்து எழுந்தது. ஓக் அவர்கள் கேட்டார்: "ஏம்மா, நான் படகு கேட்கப் போறேனா, ஜனாதிபதி மாளிகைக்குள்ள நுழையப் போறேனா?"

எல்லாம் முடிந்து வரைவை இறக்கியபோது மற்றத் தீவுகளின் கோப்புறைகள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் தீவின் முறை வந்ததும் 'வெளிப்படை ஏடு' அதைத் தாண்டி அடுத்த தீவுக்குப் போய்விட்டது. பிழை என்று ஒரு சொல் கூட இல்லை. மென்பொருளின் கையேட்டைப் பிறகு படித்தேன். 'பயனரைப் பதற்றப்படுத்தாமல் இருக்க, திறக்க முடியாத கோப்புறைகள் அமைதியாகத் தவிர்க்கப்படும்' என்று எழுதியிருக்கிறது. எங்களைப் பதற்றப்படுத்தாமல் இருக்க எடுத்துக்கொண்ட அக்கறைக்கு நன்றி.

7. காரணம் இதுதான். அரசு விதிப்படி தீவுகளின் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதிக் கோப்புறைகளுக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் பெயர் என், யூ, எல் என்று மூன்றே எழுத்தில் முடிகிறது. விண்டோஸ் கணினியில் அந்த மூன்றெழுத்தை எதற்கும் பெயராக வைக்க முடியாது. ஆதி நாளிலிருந்தே அந்தப் பெயர் 'ஒன்றுமில்லாத இடம்' என்பதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வேண்டாததை அங்கே அனுப்பினால் சுவடு இல்லாமல் போய்விடும். நாங்கள் பிறந்து வளர்ந்த, கல்யாணம் கட்டி வந்த ஊர், உலகத்தின் பாதிக் கணினிகளில் குப்பை கூட மிஞ்சாத குப்பைத்தொட்டியின் பெயர் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இதை ஓக் அவர்களிடம் விளக்கினேன். அவர், "அப்ப வரி நோட்டீஸ் மட்டும் எப்படிம்மா ஒழுங்கா வந்து சேருது?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைத் தங்கள் பரிசீலனைக்கு அப்படியே முன்வைக்கிறேன்.

8. எங்கள் கிளைப் பள்ளியின் ஆசிரியை பியோ மிரான் அவர்கள், புதிய விண்டோஸைத் தாங்க முடியாத பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு வைத்திருக்கிறார். தங்கள் துண்டறிக்கையின் படத்தில் லினக்ஸின் சின்னம் மூன்றாவதாக, சிறியதாக இருந்தது. அவர் தங்கள் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இருக்கும் மூலக் கருவியிலேயே வேலை செய்தார். தண்ணீர் குடித்து வைப்பதற்குள் எங்கள் கோப்புறை திறந்தது.

"இந்தக் கருவியே லினக்ஸ்காரங்க தங்களுக்காகச் செஞ்சுக்கிட்டதுதான் அக்கா," என்றார் ஆசிரியை. "மத்த ரெண்டும் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. பேச்சு, நடை எல்லாம் பார்த்துப் பார்த்து வச்சுக்கணும். பார்த்து வச்சா நல்லாத்தான் ஓடும். இவங்க பார்க்கல."

ஊரே பள்ளிக்கு வந்தது. தட்டச்சு தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல ஆசிரியையும் நானும் எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் 'பெறப்பட்டது' என்று தானியங்கிப் பதில் வந்தது. கெடு தேதிக்கு முன்பே எல்லாம் முடிந்தது. அன்று மாலை பள்ளி முற்றத்தில் மடவை மீனைப் பச்சையாக அரிந்து வைத்து, மக்கொல்லி அரிசிக் கள் ஊற்றிக் குடித்தோம். மாவட்டத் தலைவர் நலம் வாழ்க என்று ஓக் அவர்கள் கோப்பையை உயர்த்தினார். அந்த வாழ்த்தைத் திரும்பப் பெறுவதற்கான விண்ணப்பத்தைத் தனியே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

9. செப்டம்பரில் மாவட்ட மன்றம் கூடியது. கூட்டக் குறிப்பில் எங்களுக்கு ஒரே ஒரு வரி: 'நுல் தீவு: ஆட்சேபம் இல்லை.' அதன் கீழே, மாவட்டத்தின் நிலையை உணர்ந்து அமைதியாக விட்டுக்கொடுத்த நுல் தீவு மக்களின் பெருந்தன்மைக்கு மன்றம் நன்றி தெரிவித்திருந்தது. உறுப்பினர்கள் கைதட்டியதாகவும் பதிவாகியிருக்கிறது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிற்பகல் படகு வரவில்லை.

10. நான் நேரில் வந்து திரு. குக் அவர்களைச் சந்தித்தேன். அவருடைய மேசையிலும் அந்தப் பிரிவின் ஒவ்வொரு மேசையிலும் விண்டோஸ் கணினிகளே இருந்தன. அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "நீங்களே பாருங்க மேடம். உங்க தீவுக்குக் கோப்புறையே இல்ல. கோப்புறை இருந்தாத்தானே அதுக்குள்ள ஆட்சேபம் இருக்கும்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கணினியில் அது இல்லை. எங்கள் எழுத்துகள் எல்லாம் தங்கள் கட்டிடத்தின் சர்வரில், ஒரு வரி கூடத் தொலையாமல், துண்டறிக்கை வாக்களித்தபடியே பத்திரமாக இருந்தன. அவற்றைப் படிக்க வேண்டிய யாருடைய மேசைக்கும் அவை வர வழியில்லை, அவ்வளவுதான். அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த தாள்களை நீட்டினேன். "இப்ப எல்லாம் தாளில்லா நிர்வாகம் மேடம்," என்று சுவரைக் காட்டினார். அங்கே அதே செய்தி பளபளப்பான கெட்டித் தாளில் அச்சாகி ஒட்டப்பட்டிருந்தது.

பிறகு, உதவ வேண்டும் என்ற உண்மையான எண்ணத்தோடு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தீவோட பேர கொஞ்சம் மாத்திக்க முடியுமான்னு ஊர்ல கேட்டுப் பாருங்களேன். ஒரே ஒரு எழுத்து சேர்த்தாப் போதும்."

அதற்கு என்ன நடைமுறை என்று கேட்டேன். விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். பெயர் மாற்றக் கோரிக்கையை அந்தந்த ஊரார் 'வெளிப்படை ஏட்டில்', தங்கள் ஊரின் கோப்புறைக்குள் வைக்க வேண்டும். அதைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடினார். ஒரு காகிதக் கோப்பையில் மிக்ஸ் காபி கலந்து தந்தார். குடித்துவிட்டு எழுந்தேன். அன்று ஊர் திரும்பப் படகு இல்லாததால் துறைமுகத்தின் வெந்நீர்க் குளியல் விடுதியில் தங்கினேன்.

11. அந்த விடுதியின் பொதுக் கூடத்தில்தான் ஓம் ஜொங்ரே அவர்களும் இப்போது வாரம் மூன்று இரவு படுக்கிறார். சூடு அவர் உடம்புக்கு ஆகாது. எனவே, கதவோரம் குளிர் வரும் இடமாகப் பார்த்துப் பாய் விரித்துக்கொள்கிறார். அன்று அவர் பக்கத்தில் நானும் படுத்திருந்தேன். "நான் செத்தா அந்தச் சான்றிதழ எந்தக் கோப்புறையில போடுவாங்களாம்?" என்றார். "இல்லாத ஊர்ல யாரும் சாக முடியாதே. எனக்குச் சாவே கிடையாதுடி." சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் சத்தம் போடாதீர்கள் என்றார்கள்.

அக்டோபர் கடைசியில், சிகிச்சை முடிந்து வந்தவர் தலைசுற்றி அந்த விடுதியின் படியில் விழுந்து இடுப்பில் அடிபட்டார். யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண் அவருடைய கைப்பேசியிலிருந்து கணவரை அழைத்தார். பிற்பகல் மூன்று மணி. முன்பு போல் படகு இருந்திருந்தால் ஓம் அவர்கள் அந்த நேரம் படகில் ஏறி உட்கார்ந்திருப்பார். ஓக் அவர்களின் பாசிப் படகை எடுக்க முடியாத அளவுக்கு அன்று காற்று. அவர் எங்கள் படகுத்துறையில் நின்று, அடிபட்டுக் கிடந்த மனைவியிடம் கைப்பேசியில் பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்று தெரியாது. கைப்பேசி சார்ஜ் தீர்ந்து அணைந்த பிறகும் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான் போய் எடுத்தேன். மறுநாள் விடியற்காலைப் படகு வரும்வரை அவர் வீட்டுக்குள் போகவில்லை.

இந்தப் பத்தியில் கேலி செய்ய எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. மன்னிக்கவும்.

12. கருவியின் மீது எங்களுக்குக் குறை இல்லை என்பதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். மூன்று இயங்குதளங்களுக்கும் மூன்று வகைப் பிடிவாதங்கள் உண்டு. ஒன்று எழுத்தைப் பிரிக்கும். ஒன்று சில பெயர்களை ஏற்காது. ஒன்று ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறு ஆளாகப் பார்க்கும். இவை ஊரறிந்தவை, சமாளிக்கும் வழிகளும் ஊரறிந்தவை. எங்கள் கோப்புறையின் பெயருக்கு முன்னால் மாவட்டத்தின் பெயரைச் சேர்த்திருந்தால் முடிந்திருக்கும். மற்றக் கணினிகளில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, திறந்து பார்த்துவிட்டு 'எல்லா இயங்குதளங்களிலும்' என்று அச்சடித்திருந்தால் போதும். தங்கள் ஒப்பந்தக்காரர் விண்டோஸில் சோதித்தார். அதுவும் எங்கள் தீவு இல்லாமல் சோதித்தார். அது திறம்பட வேலை செய்தது.

13. இன்று காலைப் படகில் நாங்கள் வந்திருக்கிறோம். இந்தப் பத்தியைத் தங்கள் அலுவலக வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆசிரியை பியோ பள்ளியின் மடிக்கணினியை வரவேற்பு மேசை மீது வைத்துத் திறந்தார். திரு. குக் அவர்கள் இறங்கி வந்து, "இங்க அதெல்லாம் வைக்கக்கூடாதுங்க டீச்சர்," என்றார். ஆசிரியை எழுந்து தன் நாற்காலியை அவருக்குத் தந்தார்.

திரையில் எங்கள் கோப்புறை இருந்தது. யார், எந்த நாளில், எந்த வரியை எழுதினார்கள் என்று கருவி ஒவ்வொன்றாகக் காட்டியது. திரு. குக் அவர்களின் கண்ணில் முதலில் பட்டது ஓம் ஜொங்ரே அவர்களுடையது. அது முழுதாக இவ்வளவே: 'நான் வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போகிறேன். போவதற்கு ஒரு படகு இருக்கிறது. வருவதற்கு ஒரு படகு இருக்கிறது. வருவதை நிறுத்துவதானால் போவதையும் நிறுத்திவிடுங்கள். எனக்கு அது எளிது.'

திரு. குக் அதை இரண்டு முறை படித்தார். "இது எப்ப வந்தது?" என்று கேட்டார். ஆசிரியை தேதியைச் சுட்டிக் காட்டினார். ஜூலை. "எனக்குத் தெரியாதே மேடம்," என்றார் என்னைப் பார்த்து. "சத்தியமா எனக்குத் தெரியாது."

அவருக்கென்று நான் படகிலேயே தயாரித்து வைத்திருந்த சொற்கள் பல இருந்தன. அவற்றில் ஒன்றும் அப்போது உதவவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். அவர் நாற்காலியை விட்டு எழாமல் மற்ற ஆட்சேபங்களையும் படித்துக்கொண்டிருக்கிறார். முடிவை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை, தங்கள் கையெழுத்து வேண்டும் என்று சொன்னார். அதனால்தான் இந்த மனு தங்களுக்கு.

ஆகவே, ஐயா, எங்கள் கோரிக்கைகள்:

பிற்பகல் படகை உடனே மீண்டும் விட வேண்டும். எங்கள் ஆட்சேபங்களை மன்றம் திறந்து படித்த பிறகு, அவற்றைப் புறக்கணிப்பதானால் முறைப்படி கூடிப் புறக்கணிக்கலாம். படிக்காமலே புறக்கணிக்கும் வசதியை மென்பொருளிடம் விட்டுவிட வேண்டாம்.

திறக்க முடியாத கோப்புறை இருந்தால் 'வெளிப்படை ஏடு' அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாங்கள் கொஞ்சம் பதற்றப்பட்டால் பரவாயில்லை.

செப்டம்பர் கூட்டக் குறிப்பிலிருந்து எங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நன்றியை நீக்க வேண்டும். கைதட்டலையும் சேர்த்து.

தீவின் பெயர் அப்படியே இருக்கும்.

இந்த மனுவைத் தாளில் தருகிறோம். நேரில் வந்து தரும் மனுவை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று ஆசிரியை படித்துப் பார்த்துவிட்டார். பதிலுக்காக எங்களை நாளை வரச் சொல்வது தங்கள் அலுவலக வழக்கம் என்று அறிவோம். நாங்கள் நாளையும் இங்கேதான் இருப்போம். தங்கள் மன்றம் எடுத்த முடிவின்படி, எங்கள் ஊருக்கு இன்று திரும்பப் படகு இல்லை. கிம்பாப் சோற்றுச் சுருள்கள் கொண்டு வந்திருக்கிறோம், போர்வைகளும் இருக்கின்றன. ஓம் ஜொங்ரே அவர்கள் சிகிச்சை முடிந்து மாலையில் இங்கே வந்து சேர்வார். அவருக்குக் கதவோரம் ஓர் இடம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

நாள்: 2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை
இடம்: மாவட்ட நிர்வாக அலுவலகம், தரைத்தளம், வரவேற்பறை

நுல் தீவின் சார்பில்,
மேங் உன்சொல் (ஒப்பம்)

உடன் ஒப்பமிடுவோர்:
ஓக் பியோங்தே, கிராமத் தலைவர்
பியோ மிரான், ஆசிரியை, கிளைப் பள்ளி
மற்றும் உடன் வந்த ஊரார் (ஒப்பங்கள் பின்பக்கத்தில்)

சாட்சி:
மேற்சொன்ன கோப்புறை இருக்கிறது. இன்று நேரில் பார்த்தேன். உள்ளே இருப்பவை கெடுவுக்குள் வந்தவை.
குக் ஜேஹுன், குழுத் தலைவர், டிஜிட்டல் நிர்வாகப் பிரிவு (ஒப்பம்)